பரோலில் வந்தவரை யார் கண்காணிப்பது?

மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, கணவாய் கடந்து ஆண்டிபட்டிக்கு வருகிற ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். கையில் ஒரு துணிப்பை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வருகிறார். அரசரடியில் உள்ள மதுரை மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவர். மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சில நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பேச்சு வழக்கில் நாம் 'பரோல்' என்கிறோமே, அதுதான். பேருந்தை விட்டு இறங்கியதும் அவருடைய கால்கள் வீட்டை நோக்கித்தான் திரும்பும். ஆனால் அவர் முதலில் போகவேண்டிய இடம் காவல் நிலையம். நாளையும் போகவேண்டும், மறுநாளும் போகவேண்டும். விடுப்பு முடியும்வரை தினமும் போய்க் கையெழுத்திட வேண்டும் என்பது இத்தகைய விடுப்புகளில் வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை.

இதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை அப்படியே அவிழ்த்துவிட முடியுமா? நியாயமான கேள்விதான். கண்காணிப்பே வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தக் கண்காணிப்பு எதற்காக? ஒரு மனிதர் தம் வீட்டோடும் ஊரோடும் மீண்டும் ஒட்டிக்கொள்வதற்காகவா, அல்லது அவர் எங்கே இடறி விழுவார் என்று பார்த்துக் காத்திருப்பதற்காகவா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதே பதிவேடு, அதே கையெழுத்து. உள்ளே போய்ப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

தமிழகத்தில் இந்த விடுப்பை ஒழுங்குபடுத்துவது, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவசர கால விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை உண்டு. நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அவசர கால விடுப்பு. சாதாரண விடுப்பு எதற்கெல்லாம் தரலாம் என்று அந்த விதிகள் சொல்லும் காரணங்களைப் படித்தால் நமக்குச் சற்று வியப்பாகவே இருக்கும். குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்ய, பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க, வீட்டைக் கட்ட அல்லது பழுதுபார்க்க, மகன், மகள், உடன்பிறந்தோர் திருமணத்துக்கு, பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறுகளைத் தீர்த்துக்கொள்ள, விதைப்பு, அறுவடை போன்ற வேளாண் பணிகளுக்கு! இதை எழுதியவர்கள் ஒரு கிராமத்துக் குடும்பத்தை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். சிறைக்குள் இருப்பவரும் ஒரு வீட்டின் தகப்பனாகவும் ஒரு வயலின் உழவனாகவும் தொடர்கிறார் என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் காரணத்தைக் கேட்ட அதே விதிகள், அனுமதிக்கும் வழியை வேறு கைகளில் கொடுத்துவிடுகின்றன. விண்ணப்பம் சிறைக் கண்காணிப்பாளரிடம் போகும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் காவல்துறையின் கருத்தும் கேட்கப்படும். நன்னடத்தை அலுவலரின் வேலை ஊருக்கு வந்து வீட்டைப் பார்ப்பது, மனைவி மக்களிடம் பேசுவது, அக்கம்பக்கத்தாரைக் கேட்பது. காவல் நிலையத்தின் வேலை, இவர் வந்தால் ஊரில் பிரச்சினை வருமா என்று சொல்வது. தாளில் இரண்டுக்கும் இடம் உண்டு. நடைமுறையிலோ, 'இவர் வந்தால் பொது அமைதிக்குப் பங்கம் ஏற்படும்' என்று நிலையத்திலிருந்து ஒரு வரி வந்துவிட்டால், அதற்கு எதிரே நன்னடத்தை அலுவலரின் இரண்டு பக்க அறிக்கையும் எடை குறைந்து போகிறது. அந்த ஒரு வரிக்கு என்ன ஆதாரம், யாரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரிவதில்லை. மறுக்கப்பட்டால் அவருடைய தாயோ மனைவியோ மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்கு மனு எழுதிக்கொண்டு போகவேண்டும். மகள் கல்லூரியில் சேரும் நாள் அதற்குள் முடிந்துவிடும்.

பலரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர்ச் சிறையில் இருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாடுகளுக்காக 2019-இல் விடுப்புக் கேட்டார். விண்ணப்பத்துக்குப் பதில் வராத நிலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே நேரில் வாதாடினார். ஆறு மாதம் கேட்டவருக்கு 30 நாள் கிடைத்தது. அரசியல்வாதிகளைச் சந்திக்கக்கூடாது, பேட்டி தரக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அந்த ஆண்டு ஜூலையில் வெளியே வந்தார். அந்த வழக்கைப் பற்றி நம்மிடையே ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: நாடே பெயர் அறிந்த ஒரு சிறைவாசி, தம் விண்ணப்பத்துக்கு ஒரு பதிலைப் பெறவே உயர் நீதிமன்றத்தில் நின்று பேச வேண்டியிருந்தது. வருசநாட்டு மலையடிவாரத்தில் கையெழுத்து மட்டுமே போடத்தெரிந்த ஒருவருக்கு அது எப்படி முடியும்?

இனிக் கையெழுத்துக்கு வருவோம். இதை ஆண்டிபட்டியில் இருந்து எழுதும்போது, வேறோர் ஊரில் இருந்து எழுதுவதுபோல் எழுத முடியாது. காவல் நிலையத்தில் தினமும் முகம் காட்டுவது என்றால் என்னவென்று இந்தப் பகுதிக்கு நன்றாகவே தெரியும்.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர்கள்மீது சாட்டப்பட்டபோது, இன்றைய தேனி மாவட்டம் தனியாகப் பிரியாமல் மதுரையோடு இருந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். தவறு செய்தாரோ இல்லையோ, இந்தக் குலத்தில் பிறந்தார் என்பதற்காகவே கைரேகை பதியவேண்டும். இரவில் குறித்த இடத்தில் தங்கவேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். 'ராத்திரிச் சீட்டு' என்ற சொல் இன்றும் நம் பெரியவர்கள் சிலரின் வாயில் வருகிறது. உசிலம்பட்டிக்கு அப்பால் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது. ஒரு முழுத் தலைமுறை, தாத்தா, அப்பா, மகன் என்று, மாலையானால் காவல் நிலையத்தை நோக்கி நடந்திருக்கிறது.

அந்தச் சட்டமும் இன்றைய பரோல் நிபந்தனையும் ஒன்றல்ல. அது பிறப்பைப் பார்த்தது. இது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவருக்கு உரியது. இந்த வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அன்றைய வழக்கத்தின் சில எச்சங்கள் இன்றும் கண்காணிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாட்டைச் சாடியபோது, பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த மக்களைப் 'பழக்கக் குற்றவாளிகள்' என்று ஐயப்படும் சிறை விதிகளையும் சேர்த்தே களையச் சொன்னது. சட்டம் நீங்கி எழுபது ஆண்டு கடந்தும் நீதிமன்றம் அதைச் சொல்லவேண்டியிருந்தது! ரேகைச் சட்டம் நமக்குக் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு: கண்காணிப்பு யாரையும் திருத்தவில்லை. பயிர் செய்யப் போனவரைச் சீட்டு வாங்க நிற்கவைத்தது. வேலைக்குப் போனவரைப் பாதி வழியில் திருப்பியது. இந்த மக்களின் வாழ்வு மாறியதற்குக் காரணம் பள்ளிக்கூடங்களும் நிலமும் வேலையும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாகவும், ஏன், காவல்துறை அலுவலர்களாகவும் ஆனவர்களை நாம் அறிவோம்.

இப்போது மீண்டும் நம் பரோல்காரரிடம் வருவோம். அவர் கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். விடுப்பில் வந்த நாட்களில் நாலு நாள் கரண்டி பிடித்தால் மகளின் கட்டணத்துக்கு உதவும். சித்தாளும் கொத்தனாரும் காலை எட்டு மணிக்கு வேலையில் நிற்கவேண்டும். கையெழுத்து பத்து மணிக்கு. பத்து மணிக்குப் போனால் எழுத்தர் இருக்கமாட்டார். இருந்தால் அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். 'இருய்யா, வரட்டும்' என்பார்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியே வருபவரை எந்த மேஸ்திரி வேலைக்கு வைத்துக்கொள்வார்? சக்கம்பட்டியில் தறியில் உட்காருபவருக்கும் இதே கதைதான். மலையடிவாரக் கிராமத்தில் இருந்து வருபவருக்குப் பேருந்து கிடைப்பதும் போவதும் வருவதுமாக ஒரு நாளே போய்விடும். குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்யத் தரப்பட்ட விடுப்பு, நிபந்தனையால் தன் நோக்கத்தையே இழந்துவிடுகிறது.

ஒரு நாள் கையெழுத்து தவறினால்? பேருந்து வரவில்லை, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன் என்று சொன்னால் கேட்பார் உண்டா? கேட்கும் நல்ல அலுவலர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய சுதந்தரம் அன்று பணியில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்து அமைவது நீதியாகாது.

தினக் கையெழுத்துக்கு மாற்று இல்லையா என்றால், உச்ச நீதிமன்றமே ஒரு மாற்றைக் காட்டியிருக்கிறது. பேரறிவாளன் 26 ஆண்டுகளுக்குப் பிறகு 2017 ஆகஸ்டில் முதன்முறை விடுப்பில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தபோது வீட்டைச் சுற்றிக் காவலர்கள் நின்றார்கள். 2022 மார்ச் 9 அன்று அதே மனிதருக்கு உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியபோது விதித்த நிபந்தனை, மாதத்தின் முதல் வாரத்தில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒருமுறை நேரில் வரவேண்டும் என்பதே. விடுப்பு நாட்களில் அவர் ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பியதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. நன்றாக நடந்தவருக்குக் கயிறு தளர்த்தப்படவேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. சாதாரண மக்களுக்கான விடுப்பு விதியில் அந்த நியாயம் எழுதப்படவேண்டும். முதல் விடுப்பில் தினமும் வந்தவர், இரண்டாம் விடுப்பில் வாரம் ஒருமுறை வந்தால் போதாதா?

அண்மை ஆண்டுகளில் வந்த இன்னொரு தீர்ப்பைப் பற்றி நம் பங்குகளில் பேசியாகவேண்டும். செய்தித்தாள்களில் பெரிதாக வரவில்லை. குஜராத்தில் ஆயுள் தண்டனை பெற்ற மாஃபாபாய் மோதிபாய் சாகர் என்பவரை அரசு 2023-இல் நிபந்தனையோடு முன்விடுதலை செய்தது. நிபந்தனைகளுள் ஒன்று, விடுதலைக்குப் பின் இரண்டு ஆண்டு 'கண்ணியமாக' நடந்துகொள்ளவேண்டும் என்பது. கண்ணியம் என்றால் என்ன? தெருவில் உரக்கப் பேசினால் கண்ணியக் குறைவா? பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்க்கால் தகராறு வந்தால்? 2024 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் எங்குமே வரையறுக்காத இப்படிப்பட்ட சொல்லை நிபந்தனையாக வைப்பது தன்னிச்சையானது என்று அதை நீக்கியது. அத்தோடு நிற்கவில்லை. புதிதாக ஒரு வழக்குப் பதிவானது என்பதற்காக மட்டுமே முன்விடுதலையை ரத்து செய்யக்கூடாது. சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்புத் தந்து, அவர் பதிலைக் கேட்டு, காரணம் சொல்லித்தான் ரத்து செய்யவேண்டும் என்றது. 2025 பிப்ரவரி 18 அன்று வேறொரு வழக்கில் அதே நிலைப்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்கள், தகுதி பெற்ற சிறைவாசிகள் மனு போடும்வரை காத்திராமல் தாமாகவே பரிசீலிக்கவேண்டும் என்றும், நிபந்தனைகள் தெளிவாகவும் நிறைவேற்றக் கூடியவையாகவும் இருக்கவேண்டும் என்றும் கூறியது.

இந்தத் தீர்ப்புகள் முன்விடுதலையைப் பற்றியவை. சில நாள் விடுப்புக்கு அவை அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அறிவிப்பு, பதில், காரணம் என்ற இந்த மூன்றும் ஆயுள் முழுவதற்குமான விடுதலைக்கு நியாயம் என்றால், இருபது நாள் விடுப்புக்கு மட்டும் எப்படி அதிகப்படியாகும்? தமிழகத்தில் இதற்குப் பெருந்தேவை உண்டு. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் 1,405 ஆயுள் சிறைவாசிகள் விடுதலையானார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-இல் மற்றோர் அணி; 2021-இல் 700 பேரை விடுவிக்க அறிவிப்பு. தலைவர்களின் பிறந்தநாள் வந்தால் கதவு திறக்கும், வராவிட்டால் மூடியிருக்கும் என்பது ஒரு முறையா என்று கேட்கத் தோன்றுகிறது. நூற்றாண்டு விழா இல்லாத ஆண்டில் தகுதி பெற்றவர் என்ன பாவம் செய்தார்?

கண்காணிப்புக்கு இப்போது புதிய வடிவம் ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது. காலில் மாட்டும் மின்னணுப் பட்டை. ஜம்மு-காஷ்மீர் காவல்துறை 2023 நவம்பரில் பிணையில் வந்த ஒருவருக்கு இதை மாட்டியது. அதே ஆண்டு மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைகள் சட்டம், இத்தகைய கருவியை அணிய இசைபவர்களுக்கு விடுப்பு வழங்கலாம் என்கிறது. மீறினால் விடுப்பு ரத்து, பின்னாளில் விடுப்புக்கும் தகுதியில்லை. சிறைத்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநில அரசு ஏற்றால்தான் இது நடைமுறைக்கு வரும். தினமும் காவல் நிலையம் போவதைவிடப் பட்டை மேல் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். கொத்தனாருக்கு வேலை நேரம் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் மகள் திருமணப் பந்தலில் தகப்பன் வேட்டியை எப்படிக் கட்டுவார் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். மலையடிவாரத்தில் அலைபேசிக்கே சமிக்ஞை கிடைக்காத இடத்தில் கருவி மௌனமானால், அது அவருடைய குற்றமாகுமா? 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிணையில் இருப்பவர் தாம் இருக்கும் இடத்தை கூகுள் வரைபடத்தின் வழியே எப்போதும் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது. ஒருவருடைய அந்தரங்க வாழ்வுக்குள் தொடர்ந்து எட்டிப்பார்க்கும் நிபந்தனை கூடாது என்பதே காரணம். அவர் பிணையில் இருந்தவர். நம்மவர் தண்டனை பெற்றவர். எனவே அளவு வேறுபடலாம். கேள்வி ஒன்றுதான்.

பிற நாடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பரோலில் வந்தவர்கள் புதிய குற்றம் எதுவும் செய்யாமலே, சந்திப்புக்குத் தாமதமாகப் போனார்கள், குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பவில்லை என்பதற்காகப் பெருமளவில் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டுவந்தார்கள். 2021 செப்டம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட ஒரு சட்டம் அதைப் பெரிதும் குறைத்தது. இத்தகைய சிறு மீறல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிறை இல்லை. ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒவ்வொரு முப்பது நாளுக்கும் கண்காணிப்புக் காலத்தில் முப்பது நாள் கழியும். நம் ஊர் நிலவரம் வேறு, அவர்கள் சட்டம் வேறு. ஆனால் நல்ல நடத்தைக்குக் கணக்கு வைப்பது என்ற எண்ணம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம்மிடமோ கணக்கு தலைகீழாக இருக்கிறது. விதிகளின் பெயரே சொல்வதுபோல விடுப்பில் தண்டனை 'நிறுத்திவைக்கப்படுகிறது'. முன்விடுதலைக்குத் தகுதியான ஆண்டுகளை எண்ணும்போது பரோலில் கழித்த நாட்களைச் சேர்க்கக்கூடாது என்று கோவா வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. வெளியே எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்த நாட்கள் கணக்கில் ஏறாது.

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள் மற்றொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்குப் பரோலே கிடையாது என்ற பேச்சு நம்மிடையே உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 32-ஏ பிரிவு தண்டனைக் குறைப்பைத் தடுப்பது உண்மையே. ஆனால் அந்தப் பிரிவு பரோல் வழங்கும் அதிகாரத்தைத் தொடவில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே தாது என்ற துளசிதாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாநில விதிகளின் தடைகள் தனி. கேட்டுப் பார்க்காமலே கைவிட்ட குடும்பங்கள் இருக்கக்கூடும்.

இதுவரை எழுதியதைப் படிக்கும் ஒருவர், இறந்தவரின் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் வேறு சிலரும் 1997 ஜூன் 30 அன்று, தலித் ஒருவர் தலைவரானதைப் பொறுக்காதவர்களால் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களுள் 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு ஆணைப்படி விடுவிக்கப்பட்டார்கள். கணவனையும் மகனையும் இழந்தவர்களிடம் முன்னதாக யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதுரைக் கிளை அதிருப்தி தெரிவித்து, விடுதலையானவர்கள் அந்த ஊர்ப்பக்கம் போகாமல் தொலைவில் தங்கவேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது.

நம் பார்வையில், கண்காணிப்பு உண்மையிலேயே கடுமையாக இருக்கவேண்டிய இடம் இதுதான். சாதி வெறியில் நடந்த கொலையில், கொன்றவர் திரும்பிவரும் தெருவிலேயே இறந்தவரின் விதவை குடியிருக்கிறார் என்றால், அவரை முதலில் கேட்காமல் எந்த விடுப்பும் தரக்கூடாது. எங்கே தங்குவார், எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது, யாரிடம் பேசக்கூடாது என்று எழுத்தில் இருக்கவேண்டும்; அந்த அம்மாவின் கையில் ஒரு படியும், அழைத்தால் எடுக்கும் ஓர் அலுவலரின் எண்ணும் இருக்கவேண்டும். இன்று நடப்பது என்ன? ஆபத்தில்லாத கொத்தனாருக்கும் அதே பத்து மணிக் கையெழுத்து, ஆபத்துள்ள ஆளுக்கும் அதே பத்து மணிக் கையெழுத்து. செல்வாக்குள்ளவர் காலையில் கையெழுத்திட்டுவிட்டு மீதி நாள் முழுவதும் ஊரை மிரட்டிக்கொண்டிருக்கலாம், பதிவேட்டில் குறையிருக்காது. பதிவேட்டைப் பார்த்து நிம்மதியடைவது கண்காணிப்பு ஆகாது. ஏழைக்குத் தளர்த்தச் சொல்வதும், பாதிக்கப்பட்டவரைக் காக்கச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் கருதவில்லை. ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்து முடிவெடுக்கும் ஒருவர் தேவை. அந்த வேலைக்கென்றே நன்னடத்தை அலுவலர் என்ற பதவி இருக்கிறது. அவர் அறிக்கைக்கு முதல் எடை தரவேண்டும். காவல்துறை மறுத்தால் காரணத்தை எழுத்தில் விண்ணப்பித்தவருக்குத் தரவேண்டும். கையெழுத்தின் இடமும் நேரமும் அவர் பிழைப்பைப் பார்த்துக் குறிக்கப்படவேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். 1982-இன் விதிகளைத் திருத்தும் ஓர் அரசாணை போதும்.

பெரியகுளம், ஆண்டிபட்டி, போடி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், விடுப்பில் வர ஏழைக்கு முதல் தடை ஜாமீன்தாரர். இதுவும் புதிதல்ல. 1978-இல் மோதி ராம் வழக்கில் மத்தியப் பிரதேசத்தின் ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. வேறு மாவட்டத்தில் சொத்து வைத்திருந்த அவருடைய சகோதரரின் ஜாமீனை நீதிபதி ஏற்கவில்லை. நீதியரசர் கிருஷ்ண ஐயர் அதைக் கண்டித்து, ஏழைக்கு எட்டாத பிணை பிணையே அல்ல என்ற பொருள்பட எழுதினார். அதன்பின் அரைநூற்றாண்டு ஆகப்போகிறது. 'சொத்து உள்ள ரெண்டு பேர் வேணும்' என்பது நம் பக்கத்தில் இன்றும் கேட்கும் பேச்சு.

2024 டிசம்பர் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் ரெபிபியா சிறைக்குப் போய் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்தார். யூபிலி அறிவிப்பு மடலில், தண்டனைக் குறைப்புக்கும் சிறைவாசிகள் சமூகத்தில் மீண்டும் இணைவதற்கும் அரசுகள் வழிசெய்யவேண்டும் என்று கேட்டிருந்தார். நம் பங்குகளில் பலர் ஆண்டுதோறும் சிறைப்பணி ஞாயிறன்று சோப்பு, துண்டு, இனிப்பு என்று சேகரித்துச் சிறைக்கு அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆள் விடுப்பில் நம் தெருவுக்கே வரும்போது என்ன செய்கிறோம்? பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். டீக்கடையில் பேச்சு நின்றுபோகிறது. காவல் நிலையத்திலிருந்து ஊரைக் கேட்க வருபவரிடம், 'எதுக்குங்க வம்பு, வராம இருந்தா நல்லது' என்று சொல்லிவிடுகிறோம். அறிக்கையில் ஏறும் அந்த ஒரு வரி, சில சமயம் நம் வாயிலிருந்து போனதுதான்.

அன்பியக் கூட்டத்தில் இதை ஒருநாள் பேசலாம். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வந்தால் உண்மை தெரிந்த இரண்டு பேர் முன்வந்து பேசலாம். அந்தக் குடும்பத்தால் தங்களுக்கு அச்சம் உண்டு என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லலாம். ஜாமீன் நிற்கச் சொத்து உள்ளவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. விடுப்பு மறுக்கப்பட்டால் வழக்குரைஞருக்குப் பணம் இல்லை என்று அழவேண்டியதில்லை. தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

விடுப்பு முடியும் நாளில் அவர் குறித்த நேரத்துக்குள் அரசரடிச் சிறை வாசலில் நின்றாகவேண்டும். ஆண்டிபட்டியில் இருந்து மதுரைக்குப் பேருந்து உண்டு. 2022 மே முதல் இரயிலும் மீண்டும் ஓடுகிறது. அன்று காலையில் வீட்டில் அழுகை இருக்கும். புறப்பட மனம் வராது. நேரம் தப்பினால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். மகளால் உடன் போக முடியாது, கல்லூரி திறந்திருக்கும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு மதுரைவரை கூடப் போய், வாசலில் விட்டுவிட்டு வர ஊரில் ஓர் ஆள் வேண்டும்.